இரண்டாம் பூச்சு

றுஸ்தா வாயைத் திறந்ததும் பல் டொக்டர் முஸ்பிறா விளக்கை இழுத்து நேராக்கினாள்.

மேல்வரிசை முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது. ஸ்கூட்டியில் விழுந்ததாம். வேறு இரண்டு டொக்டர்மாரிடம் அடைத்தும் நிற்கவில்லை.

"சோறு தின்னக்குள்ளயே கழண்டுட்டு டொக்டர். ஞாயிற்றுக்கிழம எனக்குக் கலியாணம்."

"தெரியும்" என்றாள் முஸ்பிறா.

நிந்தவூரிலிருந்து வந்திருந்த அந்தப் பெண் கண்களை மூடிக்கொண்டாள். விரல்கள் அபாயாவின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தன.

உதவிக்கு நிற்கும் சுஜித்தா, அடைப்பை ஒட்டவைக்கும் பசை தோய்த்த சின்னப் பிரஷை நீட்டினாள்.

முஸ்பிறா அதை வாங்கிக்கொண்டு ஒரு கணம் அப்படியே இருந்தாள்.

பசையைச் சும்மா தடவிவிட்டு அடைப்பை வைத்தால் போதும். பல் பளபளக்கும். கண்ணாடியில் அழகாகத் தெரியும். சில மாதங்களில் கழன்று விழும். ஏற்கெனவே நிற்காத பல்தானே, யாரும் அவளைக் குறை சொல்லப் போவதில்லை.

தேய்த்துப் பூசினால்தான் பசை பல்லின் நுண்ணிய துளைகளுக்குள் இறங்கிப் பிடிக்கும். தேய்த்தாளா தடவினாளா என்பது பூசியவளுக்கு மட்டுமே தெரியும்.

அவள் தேய்க்கத் தொடங்கினாள். அழுத்தி, பொறுமையாக, உடைந்த விளிம்பின் மூலைகள் வரைக்கும்.

பாதியில் றுஸ்தாவுக்கு இருமல் வந்தது. பல்லோரம் வைத்திருந்த பஞ்சு நகர்ந்தது. எச்சில் பல்லில் பட்டுவிட்டது.

"துடைச்சிட்டு மேலால பூசுவமா டொக்டர்? வெளியில நிறையப் பேர் இருக்காங்க" என்றாள் சுஜித்தா.

"இருக்கட்டும். திரும்ப முதல்ல இருந்து செய்வம்."

கழுவினாள். புதுப் பஞ்சு வைத்தாள். பல்லைக் காற்றால் உலர்த்தினாள், முழுதாக வறண்டுபோக விடாமல். மீண்டும் பசை. மீண்டும் தேய்ப்பு. பசையில் எழும் சிற்றலை அடங்கும்வரை மெல்லக் காற்றை ஊதினாள். அதன்மேல் இரண்டாம் பூச்சு. அதையும் தேய்த்தாள். மணிக்கட்டு வலித்தது. பிறகுதான் பசையை இறுக்கும் நீல ஒளியைக் காட்டினாள்.

பல்லின் நிறத்திலேயே அடைப்பை வைத்து, உருவம் கொடுத்து, பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகும்வரை மினுக்கினாள்.

கண்ணாடியில் பார்த்த றுஸ்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனிக் கழராதுதானே டொக்டர்?"

"இன்ஷா அல்லாஹ், கழராது."

றுஸ்தா எழுந்து கதவுவரை போனாள். அங்கேயே தயங்கி நின்றாள்.

"ஒங்களிட்டயே போகச் சொன்னது அவருதான். எனக்குத்தான் வரப் பயமா இருந்த."

முஸ்பிறா கையுறைகளைக் கழற்றினாள்.

வெளியே கார் ஹோர்ன் கேட்டது. உள்ளறையிலிருந்து முஸ்பிறாவின் மகள் உடுப்புப் பையோடு ஓடி வந்தாள்.

"உம்மா, வாப்பா வந்திட்டாரு! வாப்பாட கலியாணம் முடிய வந்துருவன், என்ன?"

"ஓம் மகள்."

முஸ்பிறா குனிந்து மகளின் முக்காட்டைச் சரிசெய்தாள். பிறகு அந்தச் சின்னக் கையை றுஸ்தாவின் கையில் பிடித்துக் கொடுத்தாள்.