மூன்று மணி நேர சூப்

"உனக்கு இரக்கமே கிடையாதாம்மா?"

வந்து பையைக் கீழே வைப்பதற்குள் மகள் ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆறாவது நாளாக நைட் டியூட்டி. காலை எட்டு மணிக்குத்தான் வீடு திரும்பியிருந்தாள். ஒன்பதுக்கெல்லாம் அவளைச் சமையலறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டாள் அம்மா. காய்கறி சூப் வைக்க! அதுவும் நாலு நாளாகத் தினமும்.

"சூப்புன்னா சிறு தீயில மூணு மணி நேரம் கொதிக்கணும்," என்றாள் அம்மா. அந்தக் கதவுக்கு முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "பக்கத்துலயே நின்னு கிண்டணும். நடுவுல யாரும் கதவைத் திறக்கக் கூடாது."

"குக்கர்ல வச்சா பத்து நிமிஷம்."

"அது சூப் இல்ல. காய் வெந்த தண்ணி."

ஹாலில் ரிட்டயரான அப்பா, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அண்ணன், வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பி. மூவரும் மும்முரமாக மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா சொல்றது சரிதான்," என்றான் அண்ணன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பொறுமையா வச்சாத்தான் ருசி."

பொறுமை யாருடையது என்பதில் அவனுக்குக் குழப்பமே இல்லை.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"திங்கட்கிழமை ராத்திரி, மருந்து பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டு நின்னபடியே தூங்கிட்டாங்களாம். மாத்திக் கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? சொல்லும்மா!"

வாசலில் யாரோ மணி அடிக்க, அம்மா எழுந்து போனாள். அதுதான் சமயம் என்று மகள் சமையலறைக்குள் நுழைந்தாள்.

அடுப்பு அணைந்திருந்தது. மேடையில் குக்கர் நிறைய சூப், வெந்து குழைந்து தயாராக இருந்தது. கீழே ஒரு போர்வையை விரித்து, துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து, அண்ணி தூங்கிக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு அலறிப் புடைத்து எழுந்தாள்.

"ஐயோ, அத்தைகிட்ட சொல்லிடாதே! விசில் வர்ற நேரம் பார்த்து மிக்ஸியைப் போட்டுடுவேன், வெளியில கேக்காது. பாவம், அவங்களும் இதான் மூணு மணி நேர ருசின்னு சப்புக்கொட்டிச் சாப்பிடுறாங்க."

சொல்லும்போதே அவளுக்குக் கண் சொக்கியது.

"நான் எதையும் பார்க்கல. படுங்க அண்ணி."

கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தாள். அம்மா நாற்காலிக்குத் திரும்பியிருந்தாள்.

"தூங்குறாளா?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்குத் தெரியுமா?"

"வெறும் மிக்ஸி ஓடுற சத்தம் தெரியாமலா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன்?"

"அப்புறம் ஏம்மா அவங்ககிட்ட சொல்லல?"

"மாமியார் கண்ணுல மண்ணைத் தூவிட்டுத் தூங்குற தூக்கம் தனி சுகம்டி. அதை ஏன் கெடுக்கணும்?"

"அதுக்கு பெட்ரூம்லயே படுக்கச் சொல்லியிருக்கலாமே?"

"முதல் ரெண்டு நாள் அங்கேதான் படுத்தா. தூங்குறான்னு சொல்லியும் சட்டை எங்கே, சாவி எங்கேன்னு மணிக்கு நாலு தடவை எழுப்பினாங்க."

அம்மா ஹால் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"சமைக்கிறான்னு சொன்னாத்தான், எங்கே வெங்காயம் உரிக்கச் சொல்லிடுவாளோன்னு ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறதில்ல!"