உப்புக் கதவு

அடங்கிக் கிடந்த வலிப்பு தாஹிருக்குத் திரும்பவும் வந்துவிட்டது. டொக்டர் அமல்ராஜுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“நான் சொன்னபடி நடக்கிறாரா?”

“ஓம் டொக்டர்,” என்றாள் மனைவி ஷஃபீனா. “ஒரு மாசமா உப்பில்லாத கறிதான்.”

“உப்பை ஆரு நிறுத்தச் சொன்னது?”

“நீங்கதானே! நரம்புக்குள்ள உப்புப் பாஞ்சா வலிப்பு வருமெண்டு. இவர் வேலை செய்ற உப்பளத்து வாய்க்காலுக்குக் கதவு போடுற மாதிரித்தான் இந்த மருந்துக் குளிசையெண்டு.”

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கறி உப்பால ஒண்டும் வராதும்மா. வழமை போலப் போடுங்க. குளிசையை மட்டும் கொஞ்சம் கூட்டுவம்.”

தாஹிர் திகைத்துப்போய் நிமிர்ந்தார்.

“உப்பை நிறுத்தின அண்டைக்கே குளிசையையும் நிறுத்திட்டேனே, டொக்டர். தண்ணியே வராத வாய்க்காலுக்குக் கதவு என்னத்துக்கு?”