பவுலின் கேட்ட தீர்மானம்

“நம்ம பாஸ்டர் ஒரு தொடைநடுங்கி.”

ஒரு வாரமா பவுலின் ஜோகுபாளையம் பூரா இதையேதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா.

சர்ச்சுக்குப் பின்னால இருபது வீடு. திங்கக்கிழமை ஜேசிபி விட்டு இடிக்கப் போறாங்க. கட்சிக்காரர் வெங்கடகிருஷ்ணன் வேலை. அவருக்கு அங்க காம்ப்ளெக்ஸ் கட்டணும்.

சர்ச் கமிட்டிக்கு பவுலின்தான் செக்ரட்டரி. போன வாரம் கமிட்டிக் கூட்டத்துலயே எந்திரிச்சு நின்னா.

“இடிக்கக் கூடாதுன்னு தீர்மானம் போடுவோம் பாஸ்டர். எட்டுப் பேரும் கையெழுத்துப் போடுறோம்.”

“வேணாம்மா. கமிட்டியில இந்தப் பேச்சே வேணாம்,” னுட்டார் பாஸ்டர் ஜெயசீலன்.

பவுலின் வாய் சும்மா இருக்குமா? அவ அம்மாவும் அப்படித்தான். ரேஷன் கடைக்காரனைத் தள்ளிட்டு தானே அரிசி எடை போட்டவ. அது தனிக் கதை, விடுங்க.

ஞாயித்துக்கிழமை அறுப்பின் பண்டிகை. ஜனங்க காணிக்கையாக் கொண்டுவந்த கரும்பும் பூசணிக்காயும் சர்ச்சுல ஏலத்துக்கு அடுக்கி வச்சிருக்கு. போன வருஷம் பூசணிக்காய் ஏலத்துல ரெண்டு சம்மந்திங்க அடிச்சுக்கிட்டதைச் சொன்னா பொழுது போயிடும்.

முதல் பெஞ்சுல பாத்தா, வெங்கடகிருஷ்ணன். ஓட்டு கேக்க வந்திருக்கார்.

“பாத்தியா சரசு? கூப்பிட்டு உக்கார வச்சிருக்கார் உங்க பாஸ்டர்,” னு பவுலின் காதைக் கடிச்சா.

சரசுக்கு அந்த இருபதுல ஒரு வீடு. சாமான் எல்லாம் காலையிலயே மூட்டை கட்டியாச்சு.

பாஸ்டர் மைக்கை எடுத்தார்.

“தலைவரே, வந்தது சந்தோஷம். நாளைக்கு உங்க ஜேசிபி வரும்போது அதுக்கு முன்னால நான் உக்காந்திருப்பேன். இந்த அங்கியோடயே. ஏன் இடிக்கிறீங்கன்னு இந்த ஜனங்க முன்னால சொல்லிட்டு, அப்புறம் ஓட்டு கேளுங்க.”



வெங்கடகிருஷ்ணன் சிரிச்சுக்கிட்டே பின்னால திரும்பினார்.

“ஓஹோ. இது சர்ச் முடிவா பாஸ்டரே? கமிட்டியில யார் யாரு? செக்ரட்டரி யாரு? பிரகாஷ், பேரையெல்லாம் எழுதிக்கோப்பா.”

கூட வந்த பிரகாஷ் போனை எடுத்தான். சபை மொத்தமும் பவுலினைப் பாத்துச்சு.

பவுலினுக்குத் தெருமுனையில டெய்லர் கடை. அது கண்ணு முன்னால வந்து நின்னுச்சு.

“கமிட்டியில இதப் பத்தித் தீர்மானம் எதுவும் போடலைங்க சார். இது பாஸ்டரோட சொந்த அபிப்பிராயம்,” னா, தரையைப் பாத்துக்கிட்டு.

பாஸ்டர் முகம் மாறல.

“அவங்க சொல்றது சத்தியம். நீங்க இப்படி பேர் கேப்பீங்கன்னு தெரிஞ்சுதான் ஒருத்தரையும் கையெழுத்துப் போட விடல. என் பேரை மட்டும் எழுதிக்கோ தம்பி. ஜெயசீலன்.”