எண்ணெய்த் தலை

ஒரே ஒரு ஆஸ்பத்திரியாம். அதில் ஒரே ஒரு ஆக்சிஜன் குழாயாம். ஆள் நீளத்துக்குக் கண்ணாடியில் இருக்கும். உள்ளே படுக்க வைத்து, மூடி, ஒன்றரை மணி நேரம் அழுத்தி ஆக்சிஜன் ஏற்றுவார்கள்.

அதை இயக்குகிற டெக்னீஷியனுக்கு அன்று மனசே சரியில்லை. காரணம், புதிதாக வந்த பையன். போதை ஊசி போட்டுக்கொண்டு, ஒரே பக்கமாக நினைவில்லாமல் கிடந்திருக்கிறான். கால் தசை செத்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிட்டது. நாலு நாளாகச் சொட்டு மூத்திரம் இல்லை.

"தினம் ரெண்டு தடவை உள்ள வெச்சா காலைக் காப்பாத்திடலாம். ஆனா குழாய் ஒரு வேளைதான் காலியா இருக்கு. யாராவது தன் முறையை விட்டுக்கொடுத்தா..." என்று இழுத்தார் டாக்டர்.

பையனின் அக்கா பதறினாள். "யார்கிட்டயும் கேக்காதீங்க சார். இவனா தேடிக்கிட்டது. அடுத்தவங்க முறையைப் பிடுங்க எனக்கு முகமில்ல."

பெஞ்சில் காத்திருந்தவர்கள் பேப்பரிலும் போனிலும் தலையைப் புதைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் பத்து மணி முறைக்கு, முந்தின நாள் பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் வந்தார். சர்க்கரைப் புண், காலில் கட்டு. தலையில் எண்ணெய் வழிந்தது.

டெக்னீஷியனுக்குச் சுர்ரென்று ஏறியது. "முப்பது நாளா வர்றீங்க! எண்ணெய்ப் பசை இருந்தா உள்ள தீப்பிடிக்கும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?"

"மறந்துபோச்சு தம்பி."

"இருக்கறது நாலு முடி. அதுக்கு ஒரு பாட்டிலா?"

"உச்சி கொதிக்குதுப்பா."

"இன்னிக்கு உள்ள விட முடியாது. போங்க."

முறை வீணாகக் கூடாதே. பையனைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார்.

மறுநாளும் எண்ணெய். அதற்கு மறுநாளும்.

"முதல்ல மறதிக்கு வைத்தியம் பாருங்க! உங்க புண் ஆற வேணாமா?"

பெரியவர் எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்.

ஐந்தாம் நாள் அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "சார், மூத்திரப் பையில அரை லிட்டர் இறங்கியிருக்கு! காலும் தப்பிச்சுதாம். இனிமே ஒரு தடவை போதும்னுட்டார் டாக்டர்!"

டெக்னீஷியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். பின்னால் பெரியவர், அன்றும் எண்ணெய் வழிய.

"நாளைக்காவது தலைக்குக் குளிச்சிட்டு வாங்க பெரியவரே."

"வர்றேன் தம்பி. அதான் ஒரு தடவை போதும்னுட்டாங்களே, இனிமே எண்ணெய் எதுக்கு?"

கட்டுப் போட்ட காலை இழுத்து இழுத்து, நடந்து போய்விட்டார்.