வெள்ளைப் பிடி

யன்னலால் விழும் காலை வெயிலில், பண்டத்தரிப்பு வீட்டு மேசையில் ஒரு பழைய கைத்துப்பாக்கி கிடக்கிறது. அப்பா அதைத் தங்கை கிரேசுக்குக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அன்றிலிருந்து அதன் வெள்ளைப் பிடி அக்கா றெபேக்காவின் கண்ணுக்குள் மணலாய் உறுத்துகிறது. தந்தப் பிடி என்பது ஊர்ப் பேச்சு. பழம்பொருள் பார்க்கிற றொபினை இன்றைக்குக் கூட்டி வந்தவளும் அவள்தான். பாருங்கோ, அவன் பூதக்கண்ணாடியைக் கிட்டக் கொண்டுபோக, றெபேக்கா மேசையோடு ஒட்டி நின்று எட்டிப் பார்க்கிறாள். “தந்தமெண்டால் வலை பின்னினமாதிரி ரேகை ஓடும், அன்ரி. இதிலை கறுப்புப் புள்ளியள்தான். எலும்பு.” றெபேக்காவின் நெஞ்சில் இளநீர் வார்த்தாற்போல் இருக்கிறது. “கேட்டியே, உன்ரை தந்தத்தை!” கிரேஸ் சிரித்தபடி சேலைத் தலைப்பால் பிடியைத் துடைக்கிறாள். “தந்தமெண்டு நான் எப்ப அக்கா சொன்னனான்? பழைய பிடி உடைஞ்சு போச்சு. நீங்கள் அப்ப பள்ளிக்கூட விடுதியிலை. நான் நெருப்புக்காய்ச்சலிலை கிடக்க, அப்பா ஒரு மாதமா என்ரை கட்டிலடியிலை இருந்து, அரத்தாலை ராவி ராவி இதைச் செய்தவர்.” றெபேக்கா கண்ணாடியை வாங்கிப் பார்க்கிறாள். புள்ளிகளுக்கு நடுவே அரம் உரசிய கீறல்கள் மெல்லிசாய்த் தெரிகின்றன. தனக்கு ஒருநாளும் அப்படியொரு காய்ச்சல் வராமற் போயிற்றே என்று அவளுக்கு வயிறு எரிகிறது.