வலப்பக்கச் சாய்வு

தம்பி மறுபடியும் வலப்பக்கமாகச் சாய்ந்தான்.

நீச்சல் குளத்தின் ஆழமான மூலையில், தரைக்கு ஒரு முழம் மேலே, முதுகில் காற்றுச் சிலிண்டரோடு குப்புறப் படுத்தவாக்கில் அப்படியே நிற்க வேண்டும். கையை ஆட்டக் கூடாது, காலை உதைக்கக் கூடாது. மூச்சை இழுத்தால் சற்று மேலே, விட்டால் சற்றுக் கீழே. அவனுக்கு இதெல்லாம் புதிதல்ல. செல்போன் கடையைப் பூட்டிவிட்டு வருஷா வருஷம் அக்காவோடு கடலில் இறங்க வருகிறவன். நாளைக் காலைக்குப் படகு சொல்லியாகிவிட்டது.

இன்று என்னவோ அவன் உடம்பு நிற்கவே மாட்டேன் என்றது. அசையாமல் இருந்த அடுத்த கணமே வலது தோள் இறங்கியது, இடது தோள் ஏறியது.

அக்கா அவனை நிமிர்த்திப் பிடித்தாள். இந்தக் குளத்தில் ஸ்கூபா கற்றுக்கொடுக்கிறவள் அவள். தலை கவிழ்கிறவர்கள், கால் தொங்குகிறவர்கள், தக்கையாக மேலே கிளம்பிவிடுகிறவர்கள், எல்லோரையும் ஈயக்கட்டிகளை இடம் மாற்றியே நேராக்கிவிடுவாள்.

அவனுடைய மிதவை ஜாக்கெட்டின் வலது பையிலிருந்து ஒரு கட்டியை எடுத்து இடது பையில் போட்டாள். கையை விட்டாள்.

சாய்ந்தான்.

சிலிண்டர் நகர்ந்திருக்கும் என்று வாரைத் தடவிப் பார்த்தாள். நடுமுதுகில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஜாக்கெட்டில் ஒருபக்கம் மட்டும் காற்று தங்கியிருக்குமோ என்று அதையும் அமுக்கி வெளியேற்றினாள். இன்னொரு கட்டியை இடம் மாற்றினாள்.

இப்போது அவன் மூச்சை விட்டபோது இடப்பக்கம் சாய்ந்தான். இழுத்தபோது வலப்பக்கம்.

அவள் கை நின்றுவிட்டது.

ஈயம் அப்படிச் செய்யாது. ஈயத்துக்கு மூச்சு தெரியாது.

அவன் முதுகுப் பக்கமாகப் போய், ஜாக்கெட்டுக்கு அடியில் இரண்டு உள்ளங்கைகளையும் விலா எலும்புகளின் மேல் வைத்தாள்.

இடது கையை அவன் விலா தள்ளியது, விட்டது, மறுபடி தள்ளியது.

வலது கையின் கீழே ஒன்றுமே நடக்கவில்லை.

குளம் திடீரென்று ஆழமாகிவிட்டது. ஆழத்தில் இழுத்த காற்று மேலே போகப் போக விரியும். நல்ல நுரையீரல் என்றால் மூச்சோடு வெளியே போய்விடும். உள்ளே ஏதோ அரைகுறையாக அடைத்துக்கொண்டிருந்தால், நுழைந்த காற்றுக்குத் திரும்ப வழியிருக்காது. அது நெஞ்சைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். கடலில்தான் என்றில்லை. இந்தக் குளத்தின் ஆழமே தாராளம்.

கீழேயே வைத்திருக்கவும் முடியாது. சிலிண்டர் தீர்ந்துகொண்டிருந்தது.

அவனிடம் சொல்லவும் முடியாது. பயந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வான். மூச்சைப் பிடித்தால் முடிந்தது கதை.

அவனுக்கு எதிரே வந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி கட்டைவிரலை உயர்த்தினாள். மேலே போகலாம்.

அவன் தலையாட்டினான். தண்ணீருக்குள்ளும் கோமாளித்தனம் செய்கிறவன், இன்று ஒன்றும் செய்யவில்லை.

ஒரு கையால் அவன் ஜாக்கெட் பட்டையைப் பற்றினாள். மறுகையால் தன் உதட்டிலிருந்து குமிழிகள் கிளம்புவதைக் காட்டினாள். விடு, விட்டுக்கொண்டே வா. சுவரில் பதித்த ஓடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஏறினாள். ஓர் ஓடு ஏறி நின்றாள். இன்னோர் ஓடு. அவன் வாயிலிருந்து குமிழிகள் வருகின்றனவா என்பதைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை.

பாதியில் குமிழிகள் நின்றன.

அவன் கண்கள் கண்ணாடிக்குள் விரிந்தன. தோள்கள் குலுங்கின. அவள் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை.

இருமினான். குமிழிகள் கொத்தாகக் கிளம்பின. பிறகு சீராக வந்தன.

மேற்பரப்பை ஒட்டிய கடைசி ஆளுயரம்தான் மோசமானது. இதைத் தன் மாணவர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இப்போது அதை நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஏறினாள்.

தலை வெளியே வந்தது.

அவன் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கினாள். உதட்டில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தாள். கழுத்தைத் தொட்டாள், வீங்கவில்லை. அவன் மூச்சு விட்டான். மறுபடியும் விட்டான். நெஞ்சு வலிக்கவில்லை என்று தலையை ஆட்டினான்.

படிக்கட்டு வரை இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தாள்.

"வலது பக்கம் காத்தே போகலைடா." எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், குரலை முடிந்தவரை சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னாள். "பயப்படாதே. இப்பவே டாக்டர்கிட்ட போயிடலாம்."

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போயிட்டுத்தான் வந்திருக்கேன். நுரையீரல்ல கட்டின்னு சொல்லிட்டாங்க. தண்ணிப் பக்கமே போகக் கூடாதாம்."

அவள் கை ஓங்கியது. அறையவில்லை. ஓங்கிய கை அப்படியே அவன் ஈரத் தலையில் போய் இறங்கியது.

"பின்னே ஏண்டா இறங்கினே?"

"வீட்ல யார்கிட்டயும் சொல்லலை. உன்கிட்ட சொல்லலாம்னுதான் பஸ் ஏறினேன். வந்ததுலேருந்து வாய் வரலைக்கா." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "தண்ணிக்குள்ள போனா நீயே கண்டுபிடிச்சிடுவேன்னு தெரியும்."