மெழுகு பூசிய கை

முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற தங்கப்பழம், தன் முதல் காரை வாங்கிய மூன்றாம் நாள் கழுவித் துடைத்து மெழுகு பூசிக்கொண்டிருந்தார். கதவில் துணியை வட்டமாகத் தேய்க்கும்போது கார் பேசியது.

“ஐயா, உங்கள் வலது கை நடுங்குகிறது. மருத்துவர் சான்று தரும்வரை நீங்கள் ஓட்ட அனுமதி இல்லை.”

வாளியோடு வந்த மனைவி ஜெயக்கொடி தலைகுனிந்தாள்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“ஆறு மாசமா காப்பி டம்ளர் ஆடுறதப் பாக்கேன். சொன்னா கார் வாங்க மாட்டீங்க. ரெண்டு நாளும் பக்கத்துல நானும்தான உக்காந்து வந்தேன்?”

அவருக்குக் கோபம் வரவில்லை. மீதி மெழுகை இருவருமாகப் பூசி முடித்தார்கள். பிறகு சுற்றிப் போய் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தார்.

“உன் லைசென்ஸ எடுத்துட்டு வா புள்ள. டாக்டர்ட்ட நீதான் கூட்டிட்டுப் போகணும்.”